இரவல் உடம்பு

சுபிக்ஷாவின் இதயத்தைச் சுற்றி முக்கால் லிட்டர் நீர் தேங்கியிருந்தது. அதை ஊசி போட்டு வடித்து ஒன்பது நாள்தான் ஆகிறது, அதற்குள் பாதிக்கு மேல் திரும்ப ஊறிவிட்டது.

வடித்தவள் டாக்டர் மிருதுளா. கோயம்புத்தூரில் இதயக் கோளாறு என்று வாயெடுத்தால் பத்தில் எட்டுப் பேர் அவள் பெயரைத்தான் சொல்வார்கள். ஐம்பத்திரண்டு வயதிலும் ஊசி பிடிக்கும் விரல் ஆடாது. சுபிக்ஷா அவள் வீட்டில் பதினோரு வருடமாகச் சமைத்து, பெருக்கி, துணி மடித்து வைக்கிறவள். நடக்கும்போது மூச்சு வாங்குகிறது என்று சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டவளை மிருதுளாவேதான் தன் காரில் ஏற்றி வந்து தன் மருத்துவமனையிலேயே சேர்த்தாள். எவ்வளவு நல்ல முதலாளி என்று நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் மிருதுளா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

நோயைக் கண்டுபிடிக்கிற வேலையை மருத்துவர்களிடமிருந்து இயந்திரம் வாங்கிக்கொண்டு பன்னிரண்டு வருடமாகிறது. அதற்கு அரசாங்கம் வைத்த நீளமான பெயர் ஒன்று உண்டு. மருத்துவமனையில் யாரும் அதைச் சொல்வதில்லை, ‘ஜோசியர்’ என்பார்கள். ஜாதகத்தைப் பார்க்காமல் ஜோசியர் வாயைத் திறக்க மாட்டார் இல்லையா, இதுவும் அப்படித்தான். மேல்கையின் உட்புறம் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் ஒரு சொல் சொல்லாது. கட்டைவிரல் நகம் அளவுத் தகடு. ஐந்து வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஒன்று உண்டு. தூக்கம், நடை, சர்க்கரை, சுரப்பிகள், சோர்வு என்று உடம்பின் சங்கதிகளை நாள் தவறாமல் குறித்துக்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரியில் சேரும்போது தகட்டைக் கழற்றி உறையில் போட்டுவிட்டு, அதிலிருக்கும் ஜாதகத்தை மட்டும் ஜோசியர் எடுத்துக்கொள்ளும்.

சுபிக்ஷாவின் ஜாதகத்தைப் பார்த்த ஜோசியர் முதல் நாளே சொல்லிவிட்டது, காசநோய் என்று. மருந்து தொடங்கினார்கள். நீர் திரும்ப ஊறியதும் இன்று காலை அடுத்த பலன் வந்தது: மருந்துக்கு மசியாத காசநோய், நாளை பத்து மணிக்கு மார்பைத் திறந்து இதயத்தைச் சுற்றியிருக்கும் பையை வெட்டி எடுக்க வேண்டும்.

“எனக்கு இது சரியாப் படல மேடம்,” என்றான் அஸ்லம்.

அஸ்லம் மிருதுளாவின் கீழே வேலை பார்க்கும் இளைய டாக்டர். நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகாதவன். அதற்காக மற்றவர்கள் அவனைக் கிண்டல் செய்வார்கள். மிருதுளாவின் அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான்.

“இதயத்தச் சுத்தி இவ்வளவு தண்ணி கட்டினா நாடி தலைதெறிக்க ஓடணும். இந்தம்மாவுக்கு நிமிஷத்துக்கு அம்பத்திரண்டு. ஓடல மேடம், உலாத்துது.”

“சில பேருக்கு அப்படி இருக்கும்.”

“டி.பி.ன்னா காய்ச்சல் இருக்கணும், இல்ல. எடை குறையணும், ஏறியிருக்கு. மே மாசத்துல ரெண்டு போர்வை கேக்கறாங்க. குரல் கரகரங்குது. குதிகாலுக்கு மேல சுத்தியலால தட்டிப் பாத்தேன். பாதம் டக்குனு கீழ போச்சு, திரும்பி வர்றதுக்கு யோசிக்குது. இதெல்லாம் சேந்தா தைராய்டு. கழுத்துச் சுரப்பி அடியோட படுத்துட்டா, எப்பவாவது ஒருத்தருக்கு நெஞ்சுல இப்படித் தண்ணி ஊறும். நான் புத்தகத்துல படிச்சதோட சரி.”

“ரத்தத்துல பாத்துட வேண்டியதுதானே,” என்றாள் மிருதுளா.

“ஜோசியர் விட்டாத்தானே. மூணு வருஷ ஜாதகத்துல தைராய்டு கச்சிதமா இருக்குதாம். தகடு பாத்ததத் திரும்பப் பாக்கணும்னா காரணம் எழுதணும். நாடி மெதுவா இருக்குன்னு எழுதினேன். போதாதுன்னுடுச்சு.”

“என்ன காரணம் எழுதினா போதும்?”

“தகடு இவங்களுது இல்லன்னு தெரிஞ்ச ஆள் யாராவது எழுதிக் குடுத்தாப் போதும்.” அஸ்லம் சிரித்தான். “அதுவும் எழுதலாம்னுதான் தோணுது. இதப் பாருங்க. நாளெல்லாம் வீட்டு வேலை செய்யறவங்க, ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு அடிதான் நடந்திருக்காங்களாம். அஞ்சு காபி. நாலு மணி நேரத் தூக்கம். யாரோ டாக்டரோட ஜாதகம் மாதிரி இல்ல?”

மிருதுளாவும் சிரித்தாள். இவ்வளவு சரளமாகச் சிரிக்க வருகிறதே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

“சிரிப்பு இருக்கட்டும் மேடம். இது தைராய்டா இருந்து, நாளைக்கு மயக்க மருந்து குடுத்தா இந்தம்மா எந்திரிக்கவே மாட்டாங்க. அதான் பயமா இருக்கு.”

அவன் போன பிறகு மிருதுளா கதவை உள்ளே பூட்டிக்கொண்டாள்.

அது அவள் ஜாதகம்தான். ஆயிரத்து எண்ணூறு அடியும் அவளுடையது, ஐந்து காபியும் அவளுடையது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு விதி வந்தது. நோயாளியின் உடம்பில் ஊசி வைக்கிற மருத்துவர்களின் சோர்வளவு வரம்பைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து மூன்று மாதம் தாண்டினால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, ஜோசியர் சொல்வதற்குக் கையெழுத்துப் போடுகிற நாற்காலிக்குப் போய்விட வேண்டும். அவளுக்குக் கற்றுக்கொடுத்த சுந்தரவடிவேலையே அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஜன்னலைப் பார்த்தபடி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மனிதரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்த மிருதுளாவுக்கு அன்றைக்குத் தூக்கம் போனது. அடுத்த நாளும் வரவில்லை. தூங்காவிட்டால் அளவு ஏறும், ஏறிவிடுமோ என்ற பயத்தில் தூக்கம் வராது. இப்படியே போனால் தானும் ஜன்னலோரம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

சுபிக்ஷா படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். “உன் தூக்கத்த எனக்குக் குடுத்துரு சுபிக்ஷா,” என்று விளையாட்டாகத்தான் தொடங்கினாள். ஊரில் பலரும் செய்கிற காரியம், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் தகடு வலிக்காமல் உரிந்து வரும். மருத்துவமனை வாசலில் கையில் உயிருள்ள தகடு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள், யாருடையது என்று பார்ப்பதில்லை. அதனால் சுபிக்ஷாவின் தகடு மிருதுளாவின் கையில், மிருதுளாவின் தகடு சுபிக்ஷாவின் கையில். சுபிக்ஷாவின் தூக்கம் மிருதுளாவின் பேரிலும், மிருதுளாவின் சோர்வு சுபிக்ஷாவின் பேரிலும் பதிவாயிற்று. ஏன் என்று சுபிக்ஷா கேட்கவில்லை. “இதிலென்ன இருக்குதுங்க டாக்டரக்கா, ஒட்டி உடுங்க,” என்று கையைத் தூக்கிக் காட்டினாள்.

ஒன்பது நாளைக்கு முன், மூச்சு வாங்கிக்கொண்டு காரில் சாய்ந்து கிடந்தவளின் கையிலிருந்து தன் தகட்டை உரித்து, தன் கையிலிருந்ததை அவளுக்கு ஒட்டினாளே மிருதுளா, அதற்குச் சிக்னலில் நின்ற நேரம் போதுமானதாக இருந்தது. முதலில் தன் தலையைக் காப்பாற்றிக்கொண்டு பிறகுதான் அவளை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனாள். இத்தனை நாளும் தகட்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை என்று மனதைச் சமாதானம் செய்து வைத்திருந்தாள்.

ஆனால் இப்போது அவளைக் கூசவைத்தது வேறொன்று.

போன வருடம் ஏப்ரலில் அவள் செல்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. ‘டாக்டர் மிருதுளா, உங்கள் தைராய்டு குறைந்துவருகிறது. மாத்திரை அனுப்புகிறோம்.’ தைராய்டு தனக்கா என்று சிரித்துவிட்டு, எடுத்துக்கொள்கிறேன் என்று பதில் அழுத்தினாள். மாதா மாதம் மாத்திரைப் பெட்டி வீட்டுக்கு வந்தது. இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து, நூறு என்று அளவு ஏறிக்கொண்டே போனது. ‘உடனே மருத்துவரைப் பாருங்கள்’ என்று மூன்று முறை வந்தது. நானேதான் மருத்துவர் என்று மூன்று முறையும் மூடினாள். ஜோசியருக்கு என்மேல் என்ன கோபமோ என்று அஸ்லமிடம்கூட ஒருநாள் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

நல்ல அளவு வந்த காலத்தில் அது தன் உடம்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். கெட்ட அளவு வந்தபோது இயந்திரக் கோளாறு என்று தள்ளினாள். தகட்டுக்குக் கீழே ஒரு மனுஷி இருக்கிறாள் என்ற நினைப்பு இரண்டிலும் வரவில்லை. இந்த வருடம் முழுக்க சுபிக்ஷாவின் முகம் கண் முன்னால் ஊதிக்கொண்டு வந்தது. காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தோசை சுட்டாள். வேலை மந்தமாயிற்று. “தூங்கிட்டே பாத்திரம் தேய்க்கறியா?” என்று கேட்ட டாக்டர் மிருதுளாவுக்கு, ஒரு மாணவன் பரீட்சையில் இந்த அடையாளங்களை எழுதியிருந்தால் பாதி படிக்கும்போதே நோயின் பெயர் தெரிந்திருக்கும்.

மதியம் வீட்டுக்குப் போனாள். அலமாரி இழுப்பறையில் பதின்மூன்று பெட்டிகள், மாதவாரியாக, லேபிள் முன்பக்கம் தெரிய அடுக்கியிருந்தன. ஓர் அட்டையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டாள். எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். மாத்திரையைப் பாதியாக உடைத்து, தினம் ஒரு துண்டு, தன் கையாலேயே கொடுத்துவிடலாம். அறுவையை ஏதாவது சாக்குச் சொல்லி இரண்டு நாள் தள்ளலாம். நாடி ஏறும், நீர் வற்றும், காசநோய் மருந்து வேலை செய்தது என்று ஜோசியரும் சந்தோஷப்படும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இந்த மருந்தில்லாமல் பட்டினி கிடந்த உடம்புக்கு அளவு பார்க்காமல் மருந்து ஊற்றினால் களைத்த இதயம் துள்ளி நின்றுவிடக்கூடும் என்பதும், உடம்பு இவ்வளவு வீங்கிக் கிடக்கையில் மாத்திரை வயிற்றைத் தாண்டுவதே நிச்சயமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கணக்குப் போட்டாள். தன் விரல்களைக் காப்பாற்றிக்கொள்ள சுபிக்ஷாவின் உயிரை இன்னொரு முறை பணயம் வைக்கிறோம் என்பது சிக்னலில் நிற்கும்போது நன்றாகவே உறைத்தது. பச்சை விழுந்ததும் காரை எடுத்தாள்.

வார்டில் சுபிக்ஷா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணிமைகள் தடித்து, முகம் மாவில் பிசைந்தது போலிருந்தது. மிருதுளாவைப் பார்த்ததும் காலை மடக்கிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.

“உக்காருங்க டாக்டரக்கா. மதியத்துக்குச் சாப்ட்டீங்களா? பிரிட்ஜுல புளிக்கொழம்பு வெச்சிருந்தனுங்க. அது இந்நேரம் கெட்டிருக்கும்.”

ஒவ்வொரு சொல்லும் மெதுவாக வந்தது. மிருதுளா அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கிப் பாதியாக உடைத்தாள்.

“இத முழுங்கிரு. நர்ஸு கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

சுபிக்ஷா வாயைத் திறந்தாள். பிறகு அட்டையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

“இது உங்க மாத்திரைங்களே.”

மிருதுளா அட்டையைக் கைப்பைக்குள் போட்டாள்.

“மாசாமாசம் நாந்தானுங்களே வாங்கி அடுக்கறேன். நீங்க ஒண்ணுகூட முழுங்கலீன்னு எனக்குத் தெரியுமுங்க. சொன்னாத் திட்டுவீங்கன்னு இருந்துட்டனுங்க.” மூச்சு வாங்க நிறுத்திக்கொண்டாள். “உங்களுக்கு என்ன நோவுன்னு கேக்கோணும் கேக்கோணும்னு நெனப்பேன், வாய் வராதுங்க. பெரிய டாக்டரே மருந்து முழுங்கப் பயப்படறாங்கன்னா பெரிய நோவாத்தான் இருக்கும்னு நெனச்சுக்குவேன். ஒரு வருசமா வெள்ளிக்கெழம தவறாம கோனியம்மனுக்கு வெளக்குப் போடறனுங்க. உங்க பேருக்குத்தான்.”

மிருதுளாவின் உள்ளங்கையில் மாத்திரை ஈரமாகிக்கொண்டிருந்தது.

“எனக்கு வேண்டாமுங்க,” என்றாள் சுபிக்ஷா. “நீங்க போட்டுக்கங்க. எனக்குத்தான் இங்க வேளாவேளைக்குக் குடுக்கறாங்களே.”

சொந்த நோய்க்கான மருந்தைத் தன் கையால் வாங்கி, தன் கையால் அடுக்கி, அதைத் தின்னாத இன்னொருத்திக்காக விளக்குப் போட்டிருக்கிறாள். மிருதுளாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் அவள் கண் முன்னால் செத்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் துக்கமாக இருந்திருக்கிறது, கோபமாக இருந்திருக்கிறது. இப்படித் தோலை உரித்துப் போட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் போல ஒருநாளும் இருந்ததில்லை. எழுந்து வெளியே வந்தாள்.

நர்ஸுகள் உட்காரும் மேசையில் ஜோசியரின் திரை இருந்தது. அஸ்லம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் இரண்டு நர்ஸுகள். அவர்களைப் போகச் சொல்லலாம் என்று நினைத்தாள், சொல்லவில்லை. எல்லோரும் பார்க்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினாள்.

‘தைராய்டு பார்க்க வேண்டும். காரணம்: இந்த ஜாதகம் நோயாளியுடையது அல்ல. என்னுடையது. நோயாளியின் தகட்டை நான் ஒட்டியிருந்தேன். என் தகட்டை அவள் ஒட்டியிருந்தாள். நோயாளியின் மீது தவறில்லை.’

‘எந்த நாளிலிருந்து?’ என்று கேட்டது ஜோசியர்.

தேதியை எழுதினாள். இரண்டு ஜாதகங்களும் இடம் மாறுவதற்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை. திரை கண் சிமிட்டிவிட்டுச் சொன்னது: தைராய்டு முற்றிலும் செயலிழந்த நிலை, இதய உறையில் நீர், தொண்ணூற்றாறு சதவீதம். நாளைய அறுவை ரத்து. பதின்மூன்று மாதமாகச் சிகிச்சை தரப்படவில்லை.

கடைசி வரியைப் படித்த அஸ்லம் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். ஏதாவது கேட்பான் என்று காத்திருந்தாள். ரத்தம் எடுக்கும் குழாயை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போய்விட்டான்.

ரத்தமும் அதையேதான் சொன்னது. கால் அளவிலிருந்து தொடங்கி, இதயத் துடிப்பைப் பார்த்துப் பார்த்து மருந்தை ஏற்றினார்கள். ஏற்றியது அஸ்லம்தான், மிருதுளாவை வார்டுக்குள் விட அனுமதி இல்லை. அன்று மாலையே அவள் பெயரில் இருந்த ஊசி உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவியாக இருந்த பெண்மணிக்கு மிருதுளாவைவிட வயது குறைவு. குரலை உயர்த்தாமல் பேசினார்.

“மூணு வருஷமா அந்தப் பொண்ணு பேர்ல ஒரு பதிவு ஓடிட்டிருந்திருக்கு. ஒரு தடவையாவது அதைத் திறந்து பாத்தீங்களா டாக்டர்?”

“இல்லைங்க.”

“நீங்க கேட்டா அவங்க காட்டியிருப்பாங்க இல்லையா?”

“காட்டியிருப்பா.”

“அது உங்க உடம்போட பதிவுதானே. பாக்கணும்னு தோணலையா?”

தோன்றவில்லை. வேலைக்காரப் பெண்ணின் ஜாதகத்தை யார் பார்ப்பார்கள்? அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது. தலைவி ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். மூன்று வருடக் கோடு. நாலு மணி நேரத் தூக்கத்துக்கு எப்போதோ பழகிப்போன உடம்பு அது. சோர்வளவு ஒரு மாதம்கூட வரம்பைத் தொடவில்லை.

“உங்க தகட்டை நீங்களே ஒட்டியிருந்தாலும் இந்நேரம் ஊசி உங்க கைலதான் இருந்திருக்கும்,” என்றார் தலைவி. “இதைச் சொல்லாம விட்டிருக்கலாம். ஆனா உங்களுக்குத் தெரியணும்னு பட்டுச்சு.”

ஊசி உரிமை நிரந்தரமாகப் போயிற்று. கையெழுத்து நாற்காலி வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மிருதுளா எடுத்துக்கொண்டாள்.

ஏழு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுபிக்ஷா வீட்டுக்கு வந்தாள். வேலைக்கு வர வேண்டாம், சம்பளம் வந்துகொண்டிருக்கும் என்று மிருதுளா சொல்லி அனுப்பியிருந்தாள், அவள் கேட்கவில்லை. முகத்தில் வீக்கம் வடிந்து கன்ன எலும்பு தெரிந்தது. ஸ்வெட்டர் இல்லை. படி ஏறி வந்தும் மூச்சு வாங்கவில்லை. சமையலறையைப் பார்த்துவிட்டு, “என்னங்க இப்படிப் போட்டு வெச்சிருக்கறீங்க,” என்று பழைய வேகத்தில் பாத்திரங்களை ஒதுக்கத் தொடங்கினாள்.

மிருதுளா வாசற்படியிலேயே நின்றாள்.

“என்னை மன்னிச்சிரு சுபிக்ஷா.”

“அதெல்லாம் எதுக்குங்க,” என்றாள் சுபிக்ஷா, கூச்சப்பட்டுக்கொண்டு. “எனக்கு இருந்த நோவு எனக்கு வந்துச்சு. நீங்க என்னங்க பண்ணுவீங்க. எழுதிக் குடுத்து எனக்காக வேலையவே உட்டுட்டீங்கன்னு அந்தத் தம்பி சொன்னாருங்க.”

அஸ்லம் அப்படிச் சொல்லியிருக்கிறான். மிருதுளா அதை மறுத்துப் பேச வாயெடுப்பதற்குள் சுபிக்ஷா எக்கி மேல் தட்டிலிருந்து குக்கரை இறக்கினாள். கை உயர்ந்தபோது ரவிக்கைக் கை விலகியது. மேல்கையின் உட்புறத்தில் இரண்டு தகடுகள், பக்கத்தில் பக்கத்தில்.

மிருதுளாவின் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டாள் சுபிக்ஷா. குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“மூணாவது மாடி அக்காவுதுங்க. வீட்டுல இருந்தே ஏதோ கம்பெனி வேல பாக்கறாங்களே, அவங்க. நல்லாத் தேறிட்டயாமே, இப்ப உன் அளவு நல்லா இருக்குமேன்னு கேட்டாங்க. எப்படிங்க முடியாதுங்கறது?”

மிருதுளா சமையலறைக்குள் ஓரடி எடுத்து வைத்தாள். வேண்டாம் என்று சொல்லலாம். அதைச் சொல்ல ஊரில் எல்லோருக்கும் உரிமை இருக்கலாம், தனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து சுபிக்ஷாவுக்கே பாவமாகிவிட்டது. கிட்டே வந்து, காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுவது போலத் தணிந்த குரலில் சொன்னாள்:

“நீங்க பயந்துக்காதீங்க டாக்டரக்கா. இந்தத் தடவ என்னுதயும் கூடவே ஒட்டியிருக்கறனுங்க.”